உணவகச் சமையலறையின் கிரீஸ் டிராப்: தொட்டி கட்டிய பிறகும் குழாய் அடைத்துக்கொண்டே இருக்கிறது, பிழை எங்கே?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் தொண்ணூறு பேர் அமர்ந்து உண்ணக்கூடிய சைவ உணவகம் ஒன்றை நடத்தி வருகிறேன். காலையில் இட்லி, பூரி, வடை, மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் பஜ்ஜி, போண்டா, இரவில் தோசையும் பரோட்டாவும் என்று அடுப்பு ஓயாமல் எரிகிற கடை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டின் பாமாயில், அதாவது 15 கிலோ, செலவாகிறது.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு. எண்ணெய்க் கழிவை நேரடியாக விடக்கூடாது என்பதால், எட்டு மாதங்களுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கடையின் பின்பக்கச் சந்தில் கிரீஸ் டிராப், அதாவது கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி, கட்டினேன். செங்கல் வைத்துக் கட்டி உள்ளே சிமெண்ட் பூசிய மூன்று அறைகள். ஒவ்வொன்றும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 சென்டிமீட்டர். அண்டா, வடைச்சட்டி தேய்க்கிற இரண்டு பெரிய சிங்குகளின் தண்ணீரும், வாடிக்கையாளர் கை கழுவும் இடத்துத் தண்ணீரும் அதற்குள் வருகின்றன. சிங்க் ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 45 ஆழம். கழிவறைக் குழாய் தனியாகப் போகிறது.

தொட்டி கட்டியதோடு தொல்லை தீர்ந்துவிடும் என்று நம்பினேன், தீரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்கும் தெருச் சேம்பருக்கும் (சாக்கடையோடு இணைக்கும் மூடியிட்ட குழிக்கும்) நடுவில் உள்ள குழாய் அடைத்துக்கொள்கிறது. மழை பெய்த மறுநாள் அடைப்பு நிச்சயம் என்றே சொல்லிவிடலாம். சென்ற மாதம் பிளம்பர் அந்தக் குழாயை அறுத்துக் காட்டினார். நாலு அங்குலக் குழாயில் பெருவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, மெழுகு போலவும் சுண்ணாம்பு போலவும் ஒரு பொருள் இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. நாம் ஊற்றுவது பாமாயில், திருச்சி வெயிலில் அது உறையவே உறையாதே, பிறகு எப்படி இப்படிக் கல்லானது என்று எனக்கு விளங்கவில்லை.

இதோடு மதிய நேரத்தில் கை கழுவும் இடத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் சாப்பிடும் கூடம் வரை வருகிறது. இலையில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போன நாளும் உண்டு; அன்று எனக்கு உண்டான வேதனையைச் சொல்லி முடியாது.

என் கேள்விகள் இவை: இந்தத் தொட்டியின் அளவு போதுமா? இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டுமா, அல்லது சிங்கின் அடியில் வைக்கிற ஸ்டீல் பெட்டி போதுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீர்வழி

வணக்கம் ஐயா. மருத்துவமனை, கல்லூரி விடுதி ஆகியவற்றின் சமையற்கூடங்களுக்குக் கழிவுநீர்க் குழாய் அமைக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். அளவுகளோடு எழுதியிருப்பதால் உங்களுக்குப் பதில் சொல்வது எளிதாகிறது.

கிரீஸ் டிராப் எண்ணெயை அழிப்பதில்லை. ஓடிவருகிற தண்ணீரைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்திவைக்கிற இடம் அது, அவ்வளவுதான். எண்ணெய் தண்ணீரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. நின்றால் மேலே மிதக்கும். சோறும் பருப்பும் அடியில் தங்கும். நடுவில் இருக்கிற தண்ணீரை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு தொட்டியைப் பார்த்ததும் நான் கேட்பவை இரண்டுதான்: தண்ணீர் நிற்க நேரம் இருக்கிறதா, வெளியேறும் குழாய் எந்த மட்டத்திலிருந்து தண்ணீரை எடுக்கிறது?

முதலில் நேரத்தைப் பார்ப்போம். உங்கள் சிங்க் ஒன்றின் கொள்ளளவு 243 லிட்டர். பாத்திரம் கிடக்கும் இடத்தைக் கழித்து முக்கால் பங்கு தண்ணீர் என்று கொண்டால் சுமார் 182 லிட்டர். அடைப்பைப் பிடுங்கியதும் அது இரண்டு நிமிடத்தில் வடிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிங்கிலிருந்து நிமிடத்துக்கு 91 லிட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் 182 லிட்டர். மதியப் பந்தி முடிந்ததும் இரண்டும் ஒன்றாகத்தான் திறக்கப்படும். உங்கள் தொட்டியின் ஆழம் 60 சென்டிமீட்டர் என்றாலும் வெளிக்குழாயின் மட்டம் வரைதான் தண்ணீர் நிற்கும். அதை 40 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஓர் அறைக்கு 144 லிட்டர், மூன்றுக்கும் சேர்த்து 432 லிட்டர். ஆக, சூடும் சோப்பும் கலந்த எண்ணெய்த் தண்ணீர் உங்கள் தொட்டியில் தங்குவது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் பாதியிடத்தைச் சேறும் ஏடும் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடம் தங்குவதே பெரிது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1825 தெளிவான கணக்குத் தருகிறது. நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதை எடுத்து, சோப்பு கலப்பதற்காக 1.3ஆல் பெருக்க வேண்டும்; தண்ணீரின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் இன்னொரு முறை 1.3ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு நொடிக்கு 3 லிட்டர், 1.3ஆல் பெருக்கினால் 3.9, தரநிலையின் பட்டியலில் அதற்கு அடுத்த அளவு 4. அந்த எண்ணுக்கு அடியில் சேறு தங்கும் பகுதி 400 லிட்டர், எண்ணெய் பிரியும் பகுதி 960 லிட்டர், அதன் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று குறைந்தபட்ச அளவுகள் வருகின்றன. மொத்தம் 1,360 லிட்டர். உங்களிடம் உள்ளதைப் போல மூன்று மடங்கு. பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அதன் கொதிநீருக்கு இந்த அளவும் போதாது.

அடுத்தது மட்டம். என் அனுபவத்தில் அளவுக் குறையைவிட இதுவே பெரிய குற்றவாளி. மூன்று அறைகளுக்கும் நடுவில் உள்ள துளைகள் எங்கே இருக்கின்றன என்று மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்திலேயே நேர்க்குழாயைச் சொருகி வைத்திருந்தால், மேலே மிதக்கிற எண்ணெய்தான் முதலில் அடுத்த அறைக்குப் போகும். மூன்று அறை அல்ல, முப்பது அறை கட்டினாலும் அதே கதைதான். ஒவ்வொரு துளையிலும் ஒரு ‘டீ’, அதாவது T வடிவக் குழாய் இணைப்பு, பொருத்தி, அதன் கீழ்க்காலை நீரின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கிவிட வேண்டும். மேல்வாயைக் கம்பி விட்டுக் குத்த வசதியாகத் திறக்கும்படி வைக்கலாம். உள்ளே வருகிற குழாயும் மேலிருந்து அருவி போல விழக்கூடாது. விழுந்தால் பிரிந்த எண்ணெயை அது மறுபடியும் கலக்கிவிடும். அதற்கும் ஒரு டீ வைத்து நீருக்குள் இறக்குங்கள். உள்வரும் குழாய் வெளிக்குழாயைவிட ஏழு சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்.

பாமாயில் எப்படிக் கல்லானது என்று கேட்டீர்கள். எண்ணெய் எண்ணெயாகவே இருந்தால் உறையாது என்பது உண்மைதான். ஆனால் வாணலியில் காய்ந்து காய்ந்தும், தொட்டியில் கிருமிகளோடு நாள்கணக்கில் ஊறியும், அது கொழுப்பமிலங்களாக உடைகிறது. பாமாயிலில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் இருப்பது பால்மிடிக் அமிலம். தனியாகப் பிரிந்துவிட்டால் அது உருகவே ஏறத்தாழ 63 டிகிரி வெப்பம் வேண்டும். எந்த ஊர் வெயிலும் அதைத் தொடாது. இதோடு, பாத்திரம் தேய்க்கப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தத் தண்ணீரின் உப்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இந்த அமிலத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகிறது. நீங்கள் நகத்தால் கீறிப் பார்த்தது அதைத்தான். 2017ஆம் ஆண்டு இலண்டன் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அடைத்துக்கொண்டு கிடந்த கொழுப்புப் பாறையிலும் நடந்தது பெரும்பாலும் இதே வேலைதான். எனவே ஆசிட் ஊற்றுவதோ வெந்நீர் ஊற்றுவதோ பயன் தராது. வெந்நீர் எண்ணெயை இளக்கி இருபதடி தள்ளிக் கொண்டுபோய்த் தெருக்குழாயில் படிய வைக்கும். ஆசிட் உங்கள் சிமெண்ட் பூச்சைத் தின்னும்.

மழைக்கு மறுநாள் அடைப்பு நிச்சயம் என்றீர்கள். என் சந்தேகம் இதுதான்: மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயையோ சந்தின் தரைத் தண்ணீரையோ யாரோ இந்தத் தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நல்ல மழை பத்து நாள் சேர்ந்த ஏட்டையெல்லாம் ஒரே வீச்சில் குழாய்க்குள் தள்ளிவிடும். கட்டாயம் பாருங்கள்.

கை கழுவும் தண்ணீரையும் பிரித்துவிடுங்கள். அதில் எண்ணெய் சொற்பம். ஆனால் நாள் முழுவதும் ஓடித் தொட்டியை அசைத்துக்கொண்டே இருக்கும். நாற்றம் கூடத்துக்கு வருவதும் அந்த வழியில்தான் இருக்க வேண்டும். தரையில் உள்ள நானி டிராப்பில் (தண்ணீர் வடியும் வாயில் பதித்த கிண்ணத்தில்) நாற்றத்தைத் தடுக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் பூட்டு, அதாவது எப்போதும் தேங்கி நிற்கும் நீர், இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் அடைப்பெடுக்க வசதி என்று உள்கிண்ணத்தைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தொட்டியின் மேல்வெளியிலிருந்து ஒரு காற்றுக்குழாயை மாடிக்கு மேல் ஏற்றிவிட வேண்டும்.

சிங்கின் அடியில் வைக்கிற ஸ்டீல் பெட்டி டீக்கடைக்கும் சிறு பேக்கரிக்கும் ஏற்றது. அமெரிக்க அளவுகோலின்படி நிமிடத்துக்கு 75 லிட்டர் வரத்துக்கான பெட்டி 18 கிலோ எண்ணெயைத்தான் தாங்கும். உங்கள் வரத்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

நானாக இருந்தால் இப்போதைய தொட்டிக்கு இந்த வாரமே டீ பொருத்திவிட்டு, வசதிப்படும்போது உள்ளளவு 80 சென்டிமீட்டர் அகலம், 1.75 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் நீராழம் கொண்ட தொட்டியைக் கான்கிரீட்டில் கட்டுவேன். முதல் அரை மீட்டரைச் சேற்றுக்கு ஒதுக்கித் தடுப்பேன். உள்பக்கம் எபாக்சி பூச்சு அவசியம். புளித்த சோற்றுத் தண்ணீரும் கொழுப்பமிலமும் வெறும் சிமெண்ட் பூச்சை இரண்டு மூன்று ஆண்டுகளில் மணலாக்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வெளிக்குழாயில், தெருவுக்குப் போகும் முன், மாதிரி எடுக்கத்தக்க சிறு சேம்பர் ஒன்றும் வையுங்கள். பொதுச் சாக்கடையில் விடும் நீரில் எண்ணெய்ப்பசை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டின் சுற்றுச்சூழல் விதி. நீர்நிலையில் விடுவதானால் 10 மில்லிகிராம்தான். உங்கள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று நீங்களே பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

அடுப்படி

நீர்வழி ஐயா தொட்டியைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. நான் தொட்டிக்கு முந்தைய இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோவையில் ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கூட மேற்பார்வையாளராகப் பதினோர் ஆண்டுகள் பணியாற்றுகிறேன்.

ஒரு நாள் மாலை, வடை சுட்டு முடித்துக் கழுவ வந்த இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்து, சொட்டிய எண்ணெயை ஒரு டம்ளரில் பிடித்தேன். காலி என்று அனுப்பிய சட்டியிலிருந்து பத்து நிமிடத்தில் முக்கால் டம்ளர் எண்ணெய் இறங்கியது. சட்டியின் அடியில் ஒட்டியிருந்த மாவுக் கசண்டு தனி. அதைப் பார்த்த பிறகுதான், தினமும் எத்தனை சட்டி, எத்தனை அண்டா என்று எண்ணிப் பார்த்து மலைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. எண்ணெய்ப் பாத்திரம் எதுவும் நேராகச் சிங்குக்குப் போகாது. முதலில் கவிழ்த்து வடிய விடுகிறோம்; பிறகு தட்டையான ரப்பர் துண்டால் வழித்து ஒரு டின்னில் சேர்க்கிறோம்; கடைசியாகப் பழைய செய்தித்தாளால் துடைக்கிறோம். அதற்கு அப்புறம்தான் தண்ணீர். தோசைக்கல் சுரண்டும்போது விழுகிற கருகலும் அந்த டின்னுக்கே. குருமா, சாம்பார் அண்டாக்களின் மிச்சம் கரண்டியால் வழித்துச் சோற்றுக் கழிவோடு சேர்கிறது.

சிங்கின் வாயிலும் தொட்டியின் முகப்பிலும் எவர்சில்வர் சல்லடைக் கூடை வையுங்கள். வேளைக்கு ஒருமுறை அதைத் தட்டிக் கொட்ட வேண்டும். நம் ஊர்ச் சமையலறையின் தனித்துன்பம் சோறுதான். தொட்டிக்குள் போன சோற்றுப் பருக்கை ஊதிப் பெருத்து, புளித்து, வாயுவைக் கிளப்பி, மேலே படிந்த எண்ணெய் ஏட்டை உடைத்துக்கொண்டு மிதக்கும். வடித்த கஞ்சியை ஒருபோதும் தொட்டியில் விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் இருவர் காலையும் மாலையும் கேனோடு வந்து கஞ்சியையும் கழனித் தண்ணீரையும் எடுத்துப் போகிறார்கள். திருச்சியிலும் அப்படிப்பட்டவர் இல்லாமல் போகமாட்டார்.

பொரித்து முடித்த எண்ணெயைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேருகிற கேடான பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமைக்கப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துவோர் கணக்கேடு வைக்க வேண்டும். உங்களுக்கு அந்த அளவு வராது என்றாலும், பயோடீசலுக்காக வாங்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் கொஞ்சம் காசும் கிடைக்கும், அந்த எண்ணெய் வேறு யாருடைய வாணலிக்கும் திரும்பாது என்ற நிம்மதியும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தனையையும் செய்யப்போவது நீங்களோ மாஸ்டரோ அல்ல. பாத்திரம் தேய்க்கிற அம்மாதான். வழித்துத் துடைப்பதற்கான நேரத்தை அவருக்குக் கொடுக்காமல், “சீக்கிரம் கழுவிப் போடுங்கள்” என்று அடுப்பிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தால் எண்ணெய் தொட்டிக்குத்தான் போகும். நாங்கள் பந்தி நேரத்துக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டோம். அவருடைய சம்பளம், முன்பு அடைப்பெடுக்கக் கொடுத்ததைவிட அதிகம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு சமையற்கூடத் தரையில் சாக்கடை எதிர்த்து வந்த நாள் ஒன்றுகூட இல்லை.

காவிரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் கடை அடைத்த பிறகு, இரவு பதினொன்றரை மணிக்கு மூடிகளைத் திறந்து பார்த்தோம். நீர்வழி ஐயா நேரில் வந்து பார்த்தது போலச் சொல்லியிருக்கிறார். அறைகளுக்கு நடுவில் நீர்மட்டத்திலேயே நேர்க்குழாய்தான் சொருகியிருக்கிறது. எல்போ என்னும் வளைவு இணைப்பும் இல்லை, டீயும் இல்லை. மூன்று அறையிலும் ஒரே கனத்தில் ஏடு படிந்திருக்கிறது. இரண்டாவது அறையின் சுவரில், செடி மறைவில், நாலு அங்குலக் குழாய் ஒன்று இறங்குவதைக் கண்டோம். மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது தொட்டிக்குள் கொட்டியது. எட்டு மாதமாக இது தெரியாமல் ஆசிட்டுக்குச் செலவழித்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வாரம் ஒரு பொட்டலம் போட்டால் தொட்டியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று கிருமித்தூள் விற்பவர் ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? அடுத்தது, தொட்டியில் கழிவுநீர் லாரியின் ஓஸ் எடுக்காத கெட்டிச் சேறு அடியில் கிடக்கிறது. வழக்கமாக வருகிற ஒருவர் இறங்கி வாரிவிடுவதாகச் சொல்கிறார். கட்டப்போகும் புதுத்தொட்டி இன்னும் ஆழமானது என்பதால் இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறேன்.

நகர்நலன்

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்ல அனுமதியுங்கள். நகராட்சித் துப்புரவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

எவரையும் இறக்காதீர்கள். இப்போதுள்ள இரண்டடித் தொட்டிக்குள்ளும் தலையைக் கவிழ்த்து வேலை செய்ய விடாதீர்கள். உங்கள் கூடத்துக்கு வருகிற அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். கட்டிச் சேற்றை மண்வெட்டியால் கிளறும்போது, உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படும். இந்த வாயுவின் கொடுமை என்னவென்றால், காற்றில் பத்து இலட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற அந்தக் கணத்தில்தான் ஆபத்து முற்றுகிறது. முதலாமவர் விழுந்ததும் அவரைத் தூக்க இரண்டாமவர் குதிப்பார். அவரும் திரும்ப மாட்டார். அப்படிப்பட்ட ஓரிடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த மாலைப்பொழுதைப் பல ஆண்டுகள் கழிந்தும் என்னால் மறக்க முடியவில்லை.

சட்டமும் கடுமையானது. கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பில்லாமல் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவரை இறக்கினால் முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் பத்து இலட்சம் என்று விதித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உங்களுடையது கிரீஸ் டிராப், செப்டிக் தொட்டி அல்ல என்று வாதாடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாயு பெயர் பார்த்துக் கொல்வதில்லை.

ஆகவே, இறங்கத் தேவையே வராதபடி தொட்டியைக் கட்டுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மேலே, அறையின் முழு அகலத்துக்கும் திறக்கிற மூடி வேண்டும். தரையிலிருந்தபடியே நீண்ட கைப்பிடி அகப்பையால் எந்த மூலையையும் தொட முடிய வேண்டும். அடித்தளத்தை ஓஸ் இறங்குகிற பக்கமாகச் சரித்து, அங்கே ஒரு சிறு குழி விடுங்கள். லாரி நிற்கும் இடத்திலிருந்து ஓஸ் எட்டுமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள். உங்கள் சந்தில் லாரி நுழையாது என்று தோன்றுகிறது. கெட்டிச் சேற்றை எடுக்க, லாரிக்காரர் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம். அழுத்தத்தில் பீய்ச்சும் வசதியுள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால், கழிவுநீர்த் தொட்டிச் சுத்தத்துக்கான 14420 என்ற அரசு உதவி எண்ணில் கேட்கலாம். எடுத்த கழிவு எங்கே போகிறது என்று கேட்டு இரசீதும் வாங்கி வையுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது இரவோடு இரவாக உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொட்டப்பட்டால், நீங்கள் தொட்டி கட்டியதற்குப் பொருளே இல்லை.

சேறு கெட்டிப்படுவதே நாள் கடத்துவதால்தான். மேலே மிதக்கும் ஏடும் அடியில் தங்கிய சேறும் சேர்ந்து நீராழத்தில் கால் பங்கை எட்டியதும் தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. அதற்கு மேல் போனால் தண்ணீர் ஓட எஞ்சியிருக்கும் வழி குறுகி வேகம் கூடும், பிடித்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு மீட்டர் நீராழமுள்ள தொட்டிக்கு அது 25 சென்டிமீட்டர். இரண்டு முனையும் திறந்த, கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, மெதுவாக அடிவரை இறக்கி, மேல்முனையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடித் தூக்குங்கள். மேலே மஞ்சள் வெள்ளையாக ஏடு, நடுவில் கலங்கிய நீர், கீழே கருஞ்சேறு என்று மூன்றும் அடுக்காகத் தெரியும். அளவுகோலால் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று என்னைக் கேட்டால், ஐரோப்பிய வழக்கப்படி மாதம் ஒருமுறைக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பேன். ஆனால் இரண்டு மாதம் எழுதிய நோட்டு என்னைவிட நன்றாகச் சொல்லும். தீபாவளி, முகூர்த்த மாதங்களில் நாள்கணக்கு சுருங்கும்.

நீர்வழி

கிருமித்தூளைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். கிருமிகள் எண்ணெயைத் தின்னும் என்பது பொய்யல்ல. ஆனால் அதற்கு நாள்கணக்கில் அவகாசம் வேண்டும். உங்கள் தொட்டியில் தண்ணீர் தங்குவதோ நிமிடக்கணக்கு. போதாததற்கு மணிக்கொரு முறை சோப்பும் வெந்நீரும் வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போகும். சில தூள்கள் எண்ணெயை நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கின்றன. தொட்டி தெளிந்ததாகத் தோன்றும், எண்ணெயோ நூறடி தள்ளிப் போய் மறுபடி ஒன்றுகூடும். அங்கே அடைத்தால் அது உங்கள் கடைக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தொல்லை. அந்தப் பணத்தை லாரிக்குக் கொடுங்கள்.

மாடிக் குழாயை மழைநீர்ச் சேமிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். அதைச் செய்யாமல் டீ மட்டும் பொருத்துவது வீண்.

காவிரிக்கரை

மாடிக் குழாயை இன்று காலையே திருப்பியாயிற்று. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். அன்று பீய்ச்சும் வசதியுள்ள லாரி வருகிறது, அதன் பின் டீக்களைப் பொருத்துகிறோம். லாரி பெரிய தெருவில்தான் நிற்க முடியும். கயிறு பிடித்து அளந்ததில் தொட்டி வரை 22 மீட்டர், ஓஸ் எட்டும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். இறங்குவதாகச் சொன்னவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருமானம் போகிறதே என்று மனம் கேட்கவில்லை. அடுப்படி அவர்கள் சொன்னபடி பந்தி நேரத்தில் பாத்திரம் வழித்துத் துடைக்கும் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டேன், அடுத்த வாரத்திலிருந்து வருகிறார். நானி டிராப்பின் உள்கிண்ணம் மாடிப்படியின் அடியில் கிடைத்தது. பொருத்தியதும் கூடத்தில் நாற்றம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

நீர்வழி

மகிழ்ச்சி ஐயா. திங்கட்கிழமை ஒன்றை மறந்துவிடாதீர்கள். லாரி உறிஞ்சி முடித்ததும் தொட்டி காலியாக இருக்கும். அப்படியே செவ்வாய்க்கிழமை காலை சிங்கைத் திறந்தால், டீயின் கீழ்க்கால் நீரில் மூழ்காத நிலையில், முதலில் வருகிற எண்ணெய் முழுவதும் தடையின்றிக் குழாய்க்குள் போய்விடும். வெளிக்குழாயில் சொட்டு விழும் வரை மூன்று அறைகளையும் நல்ல தண்ணீரால் நிரப்பிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இப்போதைய தொட்டிக்கு 432 லிட்டர் போதும். அரை அங்குல ஓஸ் பைப்பைத் திங்கள் இரவே போட்டுவிட்டால் நிரம்பிவிடும்.